பிரசங்கியாரும் உரையாசிரியரே: யூத மித்ராஷ் மரபும் செஞ்சி – அண்ணாமலை வட்டாரப் பாரதப் பிரசங்கமும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் இந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பாரதப் பந்தல் போட்டிருப்பார்கள். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டை எடுத்துப் பதம் பிரித்துப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதைப் பகுதியைக் கூத்தர்கள் விடிய விடிய ஆடிக் காட்டுவார்கள். இதைத் திருவிழா என்கிறோம், வேண்டுதல் என்கிறோம், நாட்டார் கலை என்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் இதை 'உரை' என்று யாரும் சொல்லிக் கேட்பது அரிது. மு.வை. அரவிந்தனின் 'உரையாசிரியர்கள்' போன்ற பெருநூல்கள் ஏட்டில் ஏறிய உரைகளைத்தான் பேசுகின்றன. இளம்பூரணருக்கும் பரிமேலழகருக்கும் அங்கே இடம் உண்டு. ஆயிரம் பேருக்கு முன்னால் நாள்தோறும் ஒரு காவியத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்த பிரசங்கியார்களுக்கு இடம் இல்லை.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள் நான்கு. மறைநூலுக்குப் பொருள் சொல்வதன் வேலை என்ன? ஒன்றோடொன்று மோதும் பொருள்களை என்ன செய்வது? தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு? வாயால் சொன்னதை எழுதிவைக்க வேண்டுமா? இவற்றை மிக நீண்ட காலமாக, ஒளிவுமறைவில்லாமல் விவாதித்த சமூகங்களுள் யூதச் சமூகம் ஒன்று. அவர்களுடைய மறைவிளக்க மரபான மித்ராஷைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நம் பந்தலில் நடப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது துலங்கும் என்பதே என் வாதம்.

ஆலயம் இடிந்த பிறகு

கி.பி. 70இல் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. பலியும் பூசையும் அத்தோடு நின்றன. கோயிலை நம்பியிருந்த ஒரு மதம் கோயில் இல்லாமல் எப்படிப் பிழைப்பது? யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியரைச் சுற்றி யவ்னே என்ற ஊரில் கூடிய அறிஞர்கள் கண்ட விடை, நூலைப் படிப்பது. மோசேயின் ஐந்து நூல்களான தோராவை வாசிப்பதும் விளக்குவதும் வாதிடுவதும் வழிபாட்டின் நடுவிடத்துக்கு வந்தன. பாபிலோனிய வழக்கப்படி தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓய்வுநாள்தோறும் வாசித்து, ஓராண்டில் முடித்து, முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் முறை இன்றும் உலகெங்கும் உள்ள தொழுகைக்கூடங்களில் நடக்கிறது.

எபிரேயம் பேச்சுவழக்கிலிருந்து விலகி அரமேயம் பரவிய காலத்தில், வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றார். வாசிப்பவர் ஏட்டைப் பார்த்து ஒரு வசனம் படிப்பார். மற்றவர் ஏட்டைப் பார்க்காமல் அதை மக்கள் மொழியில் சொல்வார். மறைநூல் வேறு, விளக்கம் வேறு என்று கேட்பவர் காதுக்கே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நூலின் எழுத்தில் கை வைக்கக் கூடாது, அதன் பொருளில் எவ்வளவு தூரமும் போகலாம் என்ற மித்ராஷின் அடிப்படை இதிலேயே இருக்கிறது.

பிறகு நூல்கள் வந்தன. கி.பி. 200ஐ ஒட்டி ரபி யூதா ஹநாசி வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்தது மிஷ்னா. அதன்மேல் நடந்த வாதங்கள் எருசலேம் தால்முத்தாகவும், அதற்குப் பிந்தி பாபிலோனியத் தால்முத்தாகவும் திரண்டன. இவற்றோடு ஒட்டியும் தனியாகவும் வளர்ந்தவை மித்ராஷ் தொகுப்புகள். யாத்திராகமத்துக்கு மெகில்தா, லேவியராகமத்துக்குச் சிப்ரா, எண்ணாகமத்துக்கும் உபாகமத்துக்கும் சிப்ரே, ஆதியாகமத்துக்கு ஆதியாகம ரப்பா என்று ஒவ்வொரு நூலுக்கும் விளக்கக் களஞ்சியம் உண்டு. எப்படி வாழ்வது என்ற சட்ட விளக்கம் ஒரு வகை. கதை, அறம், ஆறுதல் எல்லாம் அடங்கியது இன்னொரு வகை. முன்னதை ஹலாகா என்றும் பின்னதை அகாதா என்றும் சொல்வார்கள்.

பொருள் காணும் நெறிகள்

மனம் போனபடி பொருள் சொல்லிவிட முடியாது. ஹில்லேல் பெயரில் 7 நெறிகளும், ரபி இஸ்மவேல் பெயரில் 13 நெறிகளும், ரபி எலியேசர் பென் யோசே பெயரில் 32 நெறிகளும் வழங்குகின்றன. சிறியதற்கே ஒரு விதி பொருந்துமென்றால் பெரியதற்குச் சொல்லவா வேண்டும் என்று முடிவெடுப்பது ஒரு நெறி. ஓரிடத்தில் வரும் சொல் வேறோரிடத்திலும் வந்தால் இரண்டையும் இணைத்துப் பொருள் காண்பது ஒரு நெறி. முரண்படும் இரு வசனங்களை மூன்றாவது வசனம் கொண்டு தீர்ப்பது இன்னொன்று.

நெறிகள் பொதுவானவை. ஆனாலும் பள்ளிகள் பிரிந்தன. தோரா மனிதர் பேசும் மொழியில்தான் பேசுகிறது, ஆகவே ஒவ்வோர் அசைக்கும் பொருள் தேட வேண்டியதில்லை என்பது ரபி இஸ்மவேல் பக்கம். ஒரு இடைச்சொல்கூட வீணாக வரவில்லை, எழுத்தின் மேலுள்ள சிறு கொம்புக்கும் பொருள் உண்டு என்பது ரபி அகிவா பக்கம். இந்த அகிவா நாற்பது வயதுவரை எழுத்தறியாத ஆட்டிடையராக இருந்தவர் என்பது மரபு.

தமிழ் படித்தவருக்கு இந்த வாதம் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் உத்திகளைப் பட்டியலிடுகிறது. அவையும் 32. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் தன் இறுதியில் 32 உத்திகளைக் கூறுகிறது. யூதரின் 32க்கும் நம் 32க்கும் தொடர்பு உண்டு என்று யாரும் நிறுவவில்லை. எண் ஒத்துப்போனது தற்செயலாக இருக்கலாம். தேவை ஒத்துப்போனது தற்செயல் அல்ல. சுருங்கிய நூலை விரித்துப் பொருள் காண்கிற எந்தச் சமூகத்துக்கும், எது நியாயமான விரிவு, எது வலிந்து கொண்ட பொருள் என்று பிரிக்க ஒரு கருவி வேண்டியிருக்கிறது. பத்துப்பாட்டில் அடிகளை எங்கிருந்தோ எங்கேயோ கொண்டுகூட்டிப் பொருள் சொல்லும் நச்சினார்க்கினியரை இன்றைய புலவர்கள் கடிந்துகொள்வதும், அகிவா போகும் தூரத்தைக் கண்டு இஸ்மவேல் தடுப்பதும் ஒரே வழக்குதான்.

சொல்லாத இடத்தில் நுழைவது

மித்ராஷின் பேராற்றல் மறைநூல் வாய் மூடியிருக்கும் இடங்களில் வெளிப்படுகிறது. காயீன் தம்பி ஆபேலைக் கொன்ற கதை ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. எபிரேய மூலத்தில் காயீன் தம்பியிடம் ஏதோ சொன்னான் என்று இருக்கிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்த வரியில் இருவரும் வயல்வெளியில் நிற்கிறார்கள், கொலை நடந்துவிடுகிறது. உலகின் முதல் கொலைக்குக் காரணம் என்ன?

ஆதியாகம ரப்பா இங்கே ஒன்றல்ல, மூன்று விடைகளை அடுத்தடுத்து வைக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் உலகத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்கு நிலத்தின் மேலுள்ள பொருள்கள், நீ நிற்பது என் நிலம், நீ உடுத்தியிருப்பது என் கம்பளி என்று தகராறு முற்றியது என்பது ஒரு விடை. எதிர்காலத்தில் எழப்போகும் ஆலயம் யார் நிலத்தில் அமைவது என்பதுதான் சண்டை என்பது இரண்டாவது. ஒரு பெண்ணை முன்னிட்டுச் சண்டை என்பது மூன்றாவது. எது சரி என்று தொகுத்தவர் சொல்லவில்லை. சொத்து, மதம், காமம் என்று மனிதர் கொலைக்கு இறங்கும் மூன்று வாசல்களும் அந்த ஒரு மௌனத்துக்குள் திறந்து வைக்கப்பட்டுவிட்டன.

இன்னொரு இடம். ஆபிரகாம் கடவுள் கட்டளைப்படி மகன் ஈசாக்கைப் பலியிடப் போகிறார், கடைசி நொடியில் தடுக்கப்படுகிறார். 22ஆம் அதிகாரம் அது. தாய் சாராளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 23ஆம் அதிகாரம் சாராள் இறந்த செய்தியோடு தொடங்குகிறது. இரண்டு அதிகாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை மித்ராஷ் கவனித்தது. மகனைப் பலியிடக் கொண்டுபோனார்கள் என்ற செய்தி காதில் விழுந்ததும் அந்தத் தாயின் உயிர் பிரிந்தது என்று சொன்னது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105), நேர்ப்பொருளுக்கே முதலிடம் கொடுத்தவர். அவரும் இந்த விளக்கத்தைத் தம் உரையில் சேர்த்துக்கொண்டார். மூலம் மறந்த தாயை உரை நினைவில் வைத்தது.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்ந்த டேவிட் ஷுல்மன், 1993இல் வெளியான தம் நூலில் ஈசாக்கின் கதையையும் சிறுத்தொண்ட நாயனார் கதையையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். பிள்ளையைக் கேட்கும் கடவுளை என்ன செய்வது என்ற கேள்வி பெரியபுராணத்துக்கும் உண்டு. சேக்கிழார் அந்தப் பிள்ளையின் தாயை மறக்கவில்லை என்பதும் இங்கே குறிக்கத் தக்கது.

தமிழில் எழுதப்பட்ட உரை மரபு

இறையனார் களவியலின் உரை தன் பிறப்பைத் தானே சொல்லிக்கொள்கிறது. இறைவன் 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டான். சங்கப் புலவர்கள் 49 பேரும் ஆளுக்கோர் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க, உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை உட்கார வைத்தார்கள். நக்கீரர் உரை கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அந்த உரை நக்கீரரிலிருந்து மகன், மாணாக்கர் என்று வாய்வழியாகவே வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்தது. யூதரும் தங்கள் வாய்மொழி மரபை இப்படித்தான் கண்ணி கண்ணியாகச் சொல்வார்கள். சீனாய் மலையில் மோசே பெற்றார், யோசுவாவுக்குக் கொடுத்தார், அவர் மூப்பருக்கு, மூப்பர் தீர்க்கதரிசிகளுக்கு என்று அந்த வரிசை ஓடும். உரைக்கு அதிகாரம் தருவது அது வந்த வழி என்பதில் இரு மரபுக்கும் கருத்து ஒன்றே.

திருக்குறளுக்கு உரை கண்டவர்கள் பதின்மர் என்று பழம்பாட்டு ஒன்று எண்ணுகிறது. கிடைத்திருப்பவை மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகள்தாம். மற்ற ஐவரும் பெயராக மட்டும் நிற்கிறார்கள். பரிமேலழகரின் புகழ் ஓங்க ஓங்க மற்றவர் ஏடுகளைப் படியெடுப்பார் குறைந்தார்கள் என்று கருத இடமுண்டு. ஒன்றைத் தலைமேல் வைத்து மற்றவற்றைக் கைவிட்டதால் நேர்ந்த இழப்பு அது.

இதற்கு நேர்மாறானது திருவாய்மொழியின் ஈடு. திருவரங்கத்தில் நம்பிள்ளை பாசுரம் பாசுரமாகச் சொல்லிவந்த பொருளை, மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை கேட்டு வந்து ஏட்டில் எழுதினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு பாசுரத்துக்கு ஆளவந்தார் இப்படிச் சொல்வார், எம்பெருமானார் இப்படிச் சொல்வார், பட்டர் இப்படிச் சொல்வார் என்று ஆள் பெயரோடு பொருள்களை அது அடுக்கும். திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்ட இராமானுசர் இடையிடையே வேறு பொருள் சொன்னதால் ஆசிரியருக்கு மனக்கசப்பு ஏற்பட்டுப் பாடமே நின்றுபோனதையும் வைணவ மரபு மறைக்கவில்லை. தால்முத்தைப் படிப்பவர் பக்கத்துக்குப் பக்கம் காண்பது இதே முறையைத்தான். இன்னாரிடம் கேட்ட இன்னார் சொன்னது என்று பெயர் சொல்லாமல் அங்கே ஒரு கருத்தும் வராது. தோற்ற கருத்தையும் பெயரோடு எழுதிவைப்பார்கள். 1520களில் வெனிசில் டேனியல் போம்பெர்க் அச்சிட்ட பதிப்பிலிருந்து இன்றுவரை, தால்முத் பக்கத்தின் நடுவில் மூலமும் அதைச் சுற்றி வெவ்வேறு நூற்றாண்டு உரைகளும் ஒரே தாளில் அமர்ந்திருக்கின்றன.

பந்தலில் நடப்பது

இனி நம் பந்தலுக்கு வரலாம். கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் பிரசங்கம் தொடங்கும். ஊரைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். கைக்கொள்ளும் நூல் வில்லிபுத்தூராரின் பாரதம். வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் பாடப்பட்ட அதில் 4,300க்கு மேற்பட்ட பாடல்கள் உண்டு. சந்தம் துள்ளும், வடசொல் நிறையும், கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்காது. ஆகவே பிரசங்கியார் தேவைப்படுகிறார்.

அவர் வேலையைக் கூர்ந்து கவனித்தால் அடுக்கடுக்காகத் தெரியும். முதலில் பாட்டை ராகத்தோடு பாடுவார். பிறகு பதம் பிரிப்பார். அடுத்து நேர்ப்பொருள் சொல்வார். அதன் மேல் கிளைக்கதை ஒன்று ஏறும். குறளோ தேவாரமோ இடையில் மேற்கோளாக வரும். பிறகு அந்தப் பாட்டு இந்த ஊருக்கு என்ன சொல்கிறது என்று இறங்குவார். வரப்புத் தகராறும் பங்காளிச் சண்டையும் அப்போது பந்தலுக்குள் வந்துவிடும். யூத மரபு பொருளை நான்கு தளமாகப் பிரிக்கிறது: நேர்ப்பொருள், குறிப்புப்பொருள், விரித்துக் காணும் பொருள், மறைபொருள். பிரசங்கியார் யாரும் இந்தப் பட்டியலைப் படித்தவரல்லர். அவர் வாயில் முதல் மூன்றும் தாமாக நடக்கின்றன.

யூதப் பள்ளியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. சொன்ன பொருளை ஊரே செய்து பார்க்கிறது. திரௌபதி கல்யாணத்துக்கு ஊரார் சீர்வரிசை எடுத்து வருவார்கள். பகாசூரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி தெருவில் வரும். அர்ச்சுனன் தபசுக்கு நட்ட உயர்ந்த மரத்தின் அடியில் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் இருப்பார்கள். மழை பொய்த்தால் விராட பருவம் படிக்கச் சொல்வார்கள். பதினெட்டாம் போரன்று மண்ணால் நீளப் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நடக்கும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அதன்பின் தீமிதி. திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசை முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கூத்துமரபு இந்த விளக்கத்தின் இரவுப் பாதி. அங்கே கட்டியங்காரன் நுழைந்து பாத்திரங்களிடம் கேட்கும் கேள்விகள் பார்ப்பவர் மனத்தில் இருக்கும் கேள்விகளே. மன்னனையே மடக்கிக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு.

அல்ஃப் ஹில்டபெய்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகள் செஞ்சி வட்டாரத்தின் இந்தத் திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்தவை. 1990இல் ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் தெருக்கூத்து ஆய்வு வந்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிதான் திரௌபதி அம்மனின் ஆதிக்கோயில் என்பதும், செஞ்சி அரசனை வாட்டிய அசுரனை அழிக்க அவள் மறுபடி தீயிலிருந்து பிறந்தாள் என்பதும் இங்குள்ள நம்பிக்கை. போத்துராஜாவும் முத்தால் ராவுத்தரும் அவளுக்குக் காவல். முத்தால் ராவுத்தர் முஸ்லிம் வீரர். வியாசரும் வில்லியும் அறியாத கதைகள் இவை. பாரதம் எங்கோ வடக்கே நடந்தது என்று விட்டுவிடாமல், அதைத் தன் மண்ணில் நடந்ததாக்கிக்கொண்ட அகாதா இது.

அரவான்: ஒரு கதை வளர்ந்த வழி

ஒரே ஒரு கதையை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். வடமொழிப் பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கன் கையில் மடிகிறான். போர்க்களச் சாவுகளில் ஒன்றாக அது கடந்துபோகும்.

9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில் நிலைமை மாறிவிடுகிறது. போருக்கு முன் காளிக்குக் களப்பலியாகத் தன்னைத் தருபவன் அவன். வில்லியும் அதைத் தொடர்ந்தார். பலியான பிறகும் போரைக் காண வரம் பெறுகிறான். அதற்குப் பிறகு ஊர் வாய்மொழி இன்னும் மேலே போனது. மணமாகாமல் சாகக் கூடாது என்கிறான், சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை, கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான். கூவாகத்தில் சித்திரை தோறும் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது இந்தக் கதையின்மேல் நிற்கிறது.

இந்த வளர்ச்சியை 'இடைச்செருகல்' என்று ஒதுக்குபவர் உண்டு. மித்ராஷ் படித்த கண்ணுக்கு இது இடைச்செருகலாகத் தெரியாது. பாண்டவர் வென்றார்கள் என்று மூலம் சொல்கிறது. அந்த வெற்றிக்கு யார் வீட்டுப் பிள்ளை விலையாகப் போனான் என்று பந்தல் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்கு அழ யார் இருந்தார்கள் என்று அடுத்த கேள்வி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கேள்வி கேட்டது, ஒவ்வொரு கேள்விக்கும் கதை ஒரு படி வளர்ந்தது. சாராளுக்காக மித்ராஷ் செய்ததை அரவானுக்காக நம் ஊர்கள் செய்தன. விளிம்பில் விடப்பட்ட திருநங்கையர் தங்கள் துக்கத்துக்கு ஒரு புராணத்தில் இடம் பெற்றார்கள் என்றால், அது உரை செய்த வேலை.

தீர்ப்பு யார் கையில்

தால்முத்தில் புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்று வாதம். ரபி எலியேசர் தனித்து நின்றார். தம் கருத்து சரியென்றால் மரம் சாட்சி சொல்லட்டும் என்றார், மரம் வேரோடு நகர்ந்தது. நீரோடை எதிர்த்து ஓடியது. பள்ளிச் சுவர் சாய்ந்தது. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்து அவர் பக்கம் பேசியது. ரபி யோசுவா எழுந்து, தோரா இனி வானத்தில் இல்லை என்று வானக் குரலையே மறுத்தார். இங்கே பெரும்பான்மைதான் முடிவு செய்யும் என்பது அதன் பொருள். அதைக் கேட்ட கடவுள், என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று சிரித்து மகிழ்ந்ததாகக் கதை முடிகிறது.

தருமிக்காக இறைவனே வந்து நின்றபோதும் பாட்டில் குற்றம் குற்றந்தான் என்று நின்ற நக்கீரரை அறிந்த தமிழருக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். ஆனால் நம் கதையில் நக்கீரர் நெற்றிக்கண் வெப்பம் தாளாமல் குளத்தில் விழுந்து, பிறகு பணிந்து பாடி மீள்கிறார். யூதக் கதையில் கடவுள் விட்டுக்கொடுக்கிறார். வாதிடும் துணிவு இரு மரபிலும் உண்டு. வாதிட்டவனைக் கொண்டாடுவதில் அவர்கள் ஒரு படி முன்னே போயிருக்கிறார்கள்.

ஹில்லேல் பள்ளியும் சம்மாய் பள்ளியும் பல தலைமுறை மோதின. இரண்டும் உயிருள்ள கடவுளின் வாக்கே, ஆனால் நடைமுறைக்கு ஹில்லேல் சொல்லே சட்டம் என்று முடிவாயிற்று. அதற்குத் தால்முத் காட்டும் காரணம், ஹில்லேல் பள்ளியார் பொறுமையானவர்கள், எதிர்க்கட்சியின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்கள் என்பது. ஒரு பொருளுக்கு வெற்றி தேடித்தந்தது அதைச் சொன்னவர்களின் பண்பு.

விளக்கம் உயிரையும் காக்கும். கண்ணைக் கெடுத்தவனின் கண்ணைக் கொடுக்கச் சொல்கிறது தோரா. கெடுத்தவன் பிறவிக் குருடனாக இருந்தால் எதைக் கொடுப்பான் என்று கேட்டு, அது நட்டஈட்டுப் பணத்தையே குறிக்கும் என்று ரபிகள் நிறுவினார்கள். எழுத்து அப்படியே இருக்கிறது, தண்டனை மாறிவிட்டது. நம் பந்தலிலும் இப்படி ஒரு சட்டக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. தன்னை முதலில் தோற்றுவிட்ட தருமனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று பாஞ்சாலி சபையில் கேட்கிறாள். பீட்டுமர் மழுப்புகிறார், விகர்ணன் ஒருவன் அவள் பக்கம் பேசுகிறான். துகில் தந்து மானம் காத்தான் கண்ணன். ஆனால் அவள் கேட்டதற்குச் சபை கடைசிவரை விடை தரவில்லை. பிரசங்கியார் அந்த இடத்தில் நிறுத்தினால், விடை சொல்ல வேண்டியவர்கள் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள்.

ஒப்பிட முடியாதவை

ஒற்றுமை கண்ட மகிழ்ச்சியில் வேற்றுமையை மறைத்துவிடக் கூடாது. மித்ராஷ் ஒரே மறைநூலைச் சுற்றியது, நாள்முறை வாழ்க்கைச் சட்டத்தோடு பிணைந்தது. பாரதப் பிரசங்கம் யாருக்கும் சட்டம் வகுப்பதில்லை. உரையே வேண்டாம் என்று சொல்லும் ஒரு குரலும் நமக்கு உண்டு. திருவாசகத்துக்குப் பொருள் கேட்டவர்களிடம் தில்லைக் கூத்தனைச் சுட்டிக்காட்டி அவனுள் கலந்தார் மாணிக்கவாசகர் என்பது சைவ மரபு. திருவெம்பாவை பிறந்த இடம் திருவண்ணாமலை என்றே போற்றப்படுவதால், இந்த வட்டாரத்துக்கு அந்தக் குரல் அந்நியமானதன்று.

கேட்க யாருக்கு அனுமதி என்ற கேள்வியில் இரு மரபுக்கும் குறை உண்டு. யூதப் பள்ளிகளில் பெண்கள் பல நூற்றாண்டு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆனாலும் விளக்கம் அவர்களிடம் போய்ச் சேரத்தான் செய்தது. பக்கத்திலுள்ள கொச்சியில் யூதப் பெண்கள் மறைநூல் கதைகளையும் அவற்றின் மித்ராஷ் விரிவுகளையும் மலையாளப் பாட்டுகளாகப் பாடி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை காத்தார்கள். நம் பந்தலில் பெண்கள்தான் முன்வரிசை. அதே நேரம், சாதி பார்த்து நிறுத்தப்படுபவர்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவது குறித்த மோதலால் 2023 ஜூனில் கோயிலுக்கே முத்திரை வைக்க நேர்ந்தது. தருமம் எது என்று கேட்கும் காவியத்தைப் படிக்கிற இடத்தில் சிலர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அங்கே சொல்லப்படும் பொருளில் ஏதோ ஒன்று இன்னும் விளங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எழுதிவைக்கலாமா

கடைசிக் கேள்வி இது. வாய்மொழி மறையை எழுதக் கூடாது என்று ரபிகளிடம் தடையே இருந்தது. எழுதினால் அது இறுகிவிடும், கேள்வி கேட்கும் மாணவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தன்மை போய்விடும் என்பது அச்சம். மறந்துபோகும் ஆபத்து அதைவிடப் பெரிதானபோது தடையைத் தளர்த்தினார்கள். நம்பிள்ளையும் தயங்கினார் என்பது குருபரம்பரைக் கதை. மாணவர் எழுதிய ஏட்டை அவர் வாங்கிக்கொண்டு ஈயுண்ணி மாதவரிடம் கொடுக்க, அது வெளியே பரவாமல் ஓராண்வழியாக வந்து பிறகுதான் மணவாள மாமுனிகள் காலத்தில் உலகறியப் பரவியது.

நம் பிரசங்கியார்களுக்கு அந்த ஏடும் இல்லை. ஒருவர் மறைந்தால் அவர் ஆசிரியரிடம் கேட்டதும் தாமாகக் கண்டதும் சேர்ந்தே மறைகின்றன. குறளுக்கு உரை கண்டவர்களில் ஐவரின் பெயராவது மிஞ்சியது. இவர்களில் பலருக்கு அதுவும் மிஞ்சாது. இன்னொரு பக்கம், தொலைக்காட்சியில் வந்த மகாபாரதத் தொடர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அதுவே ஒரே பாரதம் ஆகிவிடுகிறது. மேலச்சேரியும் முத்தால் ராவுத்தரும் அந்தத் திரையில் இல்லை.

ஆகவே பதிவு வேண்டும். அது எப்படிப்பட்ட பதிவாக இருக்க வேண்டும் என்பதை மித்ராஷும் ஈடும் கற்றுத்தருகின்றன. 'சரியான' பாரதம் ஒன்றைத் தேர்ந்து அச்சடிப்பது அல்ல நமக்குத் தேவை. பிரசங்கியார் யார், அவர் யாரிடம் பாடம் கேட்டார், எந்த ஊர்ப் பந்தல், எந்தப் பாட்டுக்கு எந்தக் கிளைக்கதை, பக்கத்து ஊர்க்காரர் அதே இடத்தில் என்ன மாற்றிச் சொல்கிறார் என்று குறித்து, முரண்பட்டவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிற காலத்தில் இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. கோயில் விழாக்குழுவும், வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும், பிரசங்கியார் சம்மதத்தோடு கைகோத்தால் போதும். முனைவர் பட்ட மாணவர்கள் பரிமேலழகரையும் மணக்குடவரையும் ஒப்பிடுவதுபோல, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பிரசங்கத்தையும் செஞ்சிப் பக்கத்துப் பிரசங்கத்தையும் ஒப்பிடும் நாள் வர வேண்டும்.

கோயிலை இழந்த ஒரு சமூகம், நூலைப் பற்றிய தன் வாதங்களை ஆள் பெயரோடு காத்ததால் நிலைத்தது. நமக்குக் கோயிலும் இருக்கிறது, நூலும் இருக்கிறது, வாதமும் நடக்கிறது. வாதிட்டவர்களின் பெயரை எழுதிவைப்பது ஒன்றுதான் பாக்கி. அதைச் செய்தால் தமிழ் உரை வரலாறு பரிமேலழகரோடும் நச்சினார்க்கினியரோடும் நின்றுபோன கதையாக இருக்காது. இந்த ஆண்டுப் பந்தலில் சொன்ன பொருள்வரை அது வந்து சேரும்.